திட்டினால் முளைக்கும் விதை: திருநீற்றுப்பச்சையின் வரலாறு

கோடை வந்துவிட்டால் நன்னாரி சர்பத் கடைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். எள்ளைவிடச் சிறியதாக, கருப்பாக இருக்கும் விதையில் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் போடுவார்கள். சில நிமிடங்களில் ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றிக் கண்ணாடி போன்ற கூழைப் போர்த்திக்கொண்டு தவளை முட்டை மாதிரி உப்பிவிடும். அதுதான் சப்ஜா விதை. இது திருநீற்றுப்பச்சை என்ற செடியின் விதை என்பது குடிப்பவர்களில் பலருக்குத் தெரியாது. இத்தாலிக்காரர்கள் பேசில் என்று சொல்லி அரைத்துச் சாப்பிடுவதும் இதே செடியின் இலையைத்தான். நம் வீட்டுத் துளசிக்கு இது நெருங்கிய சொந்தம்.

வறுக்காத, பழசாகாத சப்ஜாவை ஒரு தொட்டி மண்ணில் தூவி, லேசாக அழுத்தி, தண்ணீர் தெளித்தால் ஒரு வாரத்துக்குள் முளை எட்டிப் பார்க்கும். இதைவிட எளிதான தோட்ட வேலை அதிகம் இல்லை. ஆனால் இந்த எளிதான வேலையைச் சுற்றி மனிதர்கள் கட்டிய கதைகள் கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரு நாட்டில் இதைத் திட்டிக்கொண்டே விதைத்தார்கள். ஒரு கதையில் கண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள். இன்னொரு நாட்டில் கும்பிட்டு வளர்த்தார்கள். இதில் எது உண்மையாகவே செடியை வளர்த்தது? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் 2300 ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

ஏதென்ஸ் தோட்டத்தில் மூன்றாம் நாள்

கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் அரிஸ்டாட்டிலின் மாணவர். அவருக்குப் பிறகு அவருடைய பள்ளியை நடத்தியவரும் இவரே. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இவரைத் தாவரவியலின் தந்தை என்பார்கள். செடிகளைப் பற்றி இவர் எழுதிய நூலில், தோட்டக்காரர்கள் என்ன விதைக்கிறார்கள், எத்தனை நாளில் முளைக்கிறது என்றெல்லாம் பொறுமையாகக் குறித்து வைத்திருக்கிறார். அதில் திருநீற்றுப்பச்சை "ஓக்கிமோன்" என்ற பெயரில் வருகிறது. சீக்கிரம் முளைப்பவற்றில் இதுவும் ஒன்று, ஏறக்குறைய மூன்றாம் நாளிலேயே வந்துவிடும் என்பது அவர் தரும் கணக்கு.

இன்னொரு குறிப்பு இன்னும் சுவையானது. மற்ற கீரைகளுக்குக் காலையிலோ மாலையிலோ தண்ணீர் விடுவார்கள். இதற்கு மட்டும் நடுப்பகலிலும் விடுவார்களாம். விதைத்த புதிதில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால் சீக்கிரம் வளரும் என்று சொல்கிறார்கள் என்றும் எழுதுகிறார். இது மூடநம்பிக்கை மாதிரித் தெரியலாம். ஆனால் இந்தச் செடி வெப்ப மண்டலத்துப் பிள்ளை. மண் குளிர்ந்திருந்தால் விதை தூங்கிக்கொண்டே இருக்கும், சில சமயம் அழுகியும் போகும். 20 டிகிரிக்கு மேல் சூடு இருந்தால்தான் சுறுசுறுப்பாக முளைக்கும். ஆக, காரணம் தெரியாவிட்டாலும் அந்தத் தோட்டக்காரர்கள் சரியான திசையில்தான் போயிருக்கிறார்கள்.

ரோமானியர்களின் வசவு

அடுத்த காட்சி ரோம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்விட்ட பிளினி, தன் காலத்து அறிவையெல்லாம் 37 பாகங்கள் கொண்ட "இயற்கை வரலாறு" என்ற நூலில் கொட்டி வைத்தவர். அதன் 19ஆம் பாகத்தில்தான் அந்தப் புகழ்பெற்ற யோசனை இருக்கிறது. இந்தச் செடியைப் போலச் செழிப்பாகக் காய்த்து விதை தருவது வேறில்லை என்று சொல்லிவிட்டு, இதை விதைக்கும்போது சாபமும் வசவும் பொழிந்துகொண்டே விதைக்க வேண்டும், அப்போதுதான் நன்றாக வரும் என்று மற்றவர்கள் சொல்வதாக எழுதுகிறார்.

நல்ல மணமுள்ள செடியை ஏன் திட்ட வேண்டும்? பிளினி காரணம் சொல்லவில்லை. ஆனால் அதே பகுதியில், சீரகம் விதைப்பவர்கள் அது முளைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வார்கள் என்றும் எழுதியிருக்கிறார். தியோஃபிராஸ்டஸும் சீரகத்தைத் திட்டி விதைக்கும் பழக்கத்தைக் குறிப்பிடுகிறார். அழகான குழந்தையைப் பார்த்து "கருவாயா" என்று கொஞ்சுவதும், கன்னத்தில் மை வைப்பதும் நம் ஊரில் உண்டு. ரொம்பப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்ற பயம். ரோமானியர்களின் வசவுக்கும் இப்படி ஒரு மனநிலை காரணமாக இருந்திருக்கலாம்.

ஆனால் பிளினியின் அந்த வரிக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்னக் குறிப்பு இருக்கிறது. பலரும் அதைக் கவனிப்பதில்லை. விதைத்த பிறகு மண்ணை அடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும் என்கிறார். அதே நூற்றாண்டில் வாழ்ந்த வேளாண்மை எழுத்தாளர் கொலுமெல்லா இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறார். விதையை மூடியதும் திமிசுக்கட்டையாலோ உருளையாலோ நன்றாக அழுத்திவிட வேண்டும். மண்ணைப் பொலபொலவென்று விட்டுவிட்டால் விதை பெரும்பாலும் கெட்டுப்போகும் என்கிறார். கொலுமெல்லா ஸ்பெயினின் காதிஸ் நகரத்தில் பிறந்தவர், சொந்தமாக நிலம் வைத்துப் பயிர் செய்தவர். அவர் சாபத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. அழுத்துவதைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. சின்ன விதை முளைக்க வேண்டுமென்றால் மண் துகள்கள் அதை நெருக்கித் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இடைவெளியில் காற்று இருந்தால் ஈரம் விதைக்குப் போய்ச் சேராது. சப்ஜா விதையின் கூழ் உறை கூட இதற்காகத்தான். கிடைத்த கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளவும், மண்ணில் ஒட்டிக்கொள்ளவும் அது உதவுகிறது. மண்ணை மிதித்து அழுத்தியவனுக்கு நன்றாக முளைத்தது. மிதிக்கும்போது அவன் திட்டிக்கொண்டும் இருந்தான். எது வேலை செய்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? திட்டாமல் மிதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மிதிக்காமல் திட்டிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் நன்றாக விளையும் பழக்கத்தில் பாதியை விட்டுப் பார்க்க எந்த விவசாயிக்குத் துணிச்சல் வரும்? ஒரு பருவம் போய்விடுமே! காரியம் செய்த பழக்கத்தின் தோளில் ஏறிக்கொண்டு, காரியம் செய்யாத பழக்கமும் இரண்டாயிரம் ஆண்டுகள் பயணம் செய்தது இப்படித்தான்.

ஆடும் தேளும்

திட்டு வாங்கியது விதை மட்டும் அல்ல, இலையும்தான். தத்துவ ஞானி கிரிசிப்பஸ் இந்த இலையைக் கடுமையாகத் தாக்கினார் என்று பிளினி பதிவு செய்திருக்கிறார். வயிற்றுக்கு ஆகாது, கண்ணுக்குக் கெடுதல், அதனால்தான் ஆடு கூட இதைத் தின்பதில்லை என்பது குற்றச்சாட்டு. பிற்காலத்தவர்கள் இதற்குக் கொடுத்த பதில் ரொம்ப எளிமையானது: ஆடு தின்னத்தான் செய்கிறது! பெரிய தத்துவவாதியின் வாதம் ஒரு ஆட்டின் வாயால் முடிந்துபோனது.

தேள் கதைதான் முடியவே இல்லை. இந்த இலையைச் சாப்பிட்ட அன்று தேள் கொட்டினால் பிழைக்கவே முடியாது என்று பிளினி ஒரு நம்பிக்கையைக் குறிக்கிறார். அதே காலத்து மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் இதற்கு நேர்மாறாக, இதைச் சாப்பிட்டவர்களுக்குத் தேள் கொட்டினாலும் வலிக்காது என்று ஆப்பிரிக்காவில் சொல்வதாக எழுதுகிறார். ஒரே செடி, ஒரே தேள், இரண்டு தீர்ப்புகள். ஆனாலும் இரண்டும் நகல் எடுக்கப்பட்டு ஆயிரத்து ஐநூறு ஆண்டுகளுக்கு மேல் வந்துகொண்டே இருந்தன. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் நிக்கோலஸ் கல்பெப்பர் எழுதிய மூலிகை நூலில், இதை அடிக்கடி முகர்ந்த ஒருவரின் மூளைக்குள் தேள் பிறந்துவிட்டது என்ற கதை கூட இடம்பெற்றது. பெயரும் குழப்பத்துக்கு உதவியது. பேசில் என்பது "அரசனுக்குரியது" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பார்வையாலேயே கொல்லும் "பாசிலிஸ்க்" என்ற கற்பனைப் பாம்பின் பெயரும் அதே வேரில் பிறந்தது. பெயர் ஒற்றுமை போதாதா, செடியின் மேல் விஷப் பழியைப் போட?

தொட்டிக்குள் ஒரு தலை

14ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொக்காச்சியோ எழுதிய "டெக்கமெரான்" கதைத் தொகுப்பில், நான்காம் நாளின் ஐந்தாம் கதை இந்தச் செடியைப் பற்றியது. மெசினா நகரத்தில் லிசபெத்தா என்ற பெண், தன் மூன்று அண்ணன்களிடம் வேலை செய்த லொரென்சோவைக் காதலிக்கிறாள். விஷயம் தெரிந்த அண்ணன்கள் அவனை ரகசியமாகக் கொன்று புதைக்கிறார்கள். கனவில் வந்து அவன் இடத்தைச் சொல்ல, அவள் தோண்டிப் பார்க்கிறாள். முழு உடலையும் எடுத்துவர முடியாமல் தலையை மட்டும் கொண்டுவந்து, ஒரு தொட்டியில் வைத்து மண் போட்டு, அதன் மேல் இந்தச் செடியை வளர்க்கிறாள். பன்னீரும் ஆரஞ்சுப் பூ நீரும் கண்ணீரும்தான் அதற்குத் தண்ணீர். செடி செழித்து வளர்கிறது. கடைசியில் அண்ணன்கள் தொட்டியைப் பிடுங்கிக்கொள்ள, அவள் அழுதே சாகிறாள்.

இந்தக் கதையை ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1818இல் கவிதையாக எழுதினார். அது 1820இல் அச்சில் வந்தது. ஓவியர் ஹோல்மன் ஹன்ட் 1868இல் தொட்டியை அணைத்து நிற்கும் அந்தப் பெண்ணை வரைந்து முடித்தார். அவருடைய மனைவி ஃபேனி, 1866இல் ஃபுளோரன்ஸ் நகரில் பிரசவத்துக்குப் பிறகு இறந்துபோனவர். ஓவியத்தில் தெரியும் துக்கம் கதையிலிருந்து மட்டும் வந்ததல்ல.

கதையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இதில் ஒரு தோட்டச் செய்தியும் இருக்கிறது. அன்றைய இத்தாலியில் ஜன்னல் ஓரத்துத் தொட்டியில் ஒரு பெண் இந்தச் செடியை வளர்ப்பது சாதாரணக் காட்சி. அது சாதாரணமாக இருந்ததால்தான் யாருக்கும் சந்தேகம் வராமல் அவளால் தலையை ஒளிக்க முடிந்தது. குளிரான இங்கிலாந்திலும் 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் டஸ்ஸர் என்ற விவசாயி, இந்தச் செடி தொட்டியில்தான் இருக்க விரும்பும், வீட்டுப் பெண்கள் உதவினால்தான் அதன் உயிர் நிற்கும் என்ற பொருளில் பாட்டாக எழுதினார். வயலைவிட வீட்டோடுதான் இதற்கு உறவு அதிகம்.

போர்ச்சுகலில் இன்றும் அந்த உறவைப் பார்க்கலாம். ஜூன் மாதம் லிஸ்பனில் புனித அந்தோணியார் விழாவின்போது, பந்து போல உருண்டையாக வளர்ந்த குட்டி இலை வகையைச் சின்னத் தொட்டியில் வைத்து, காகிதப் பூவும் நான்கு வரிப் பாட்டும் செருகிக் காதலர்கள் பரிசு கொடுப்பார்கள். அதை மூக்கை வைத்து முகரக் கூடாது. கையால் தடவி, கையைத்தான் முகர வேண்டும். அது அங்கே பெரிய மரியாதை!

நம் பக்கத்து உறவுகள்

இந்தியாவில் இந்தக் குடும்பத்தின் கதை வேறு மாதிரி. இங்கே யாரும் திட்டவில்லை. துளசிக்கு மாடம் கட்டி விளக்கேற்றினார்கள். ஆழ்வார் பாசுரங்களில் திருமால் துழாய் மாலை இல்லாமல் வருவது அபூர்வம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் ஆண்டாளைக் கண்டெடுத்தது துளசித் தோட்டத்தில்தான் என்பது வைணவ மரபு. சிவன் பக்கமும் விட்டுப்போகவில்லை. துளசியின் சொந்தக்காரச் செடிக்குத் திருநீற்றுப்பச்சை என்றும் உருத்திரச்சடை என்றும் பெயர் வைத்தார்கள். ஒரே குடும்பத்துச் செடிகளில் ஒன்று பெருமாளுக்கு, ஒன்று சிவனுக்கு!

ஐரோப்பியர்கள் வந்து எல்லாவற்றுக்கும் லத்தீன் பெயர் வைத்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் திருநீற்றுப்பச்சைக்கு ஓசிமம் பாசிலிகம் என்று பெயரிட்டார். அதே நூலில் "மெல்லிய பூ" என்ற பொருளில் ஓசிமம் டெனுயிஃபுளோரம் என்று வேறொரு பெயரையும் கொடுத்திருந்தார். 1767இல் துளசிக்கு ஓசிமம் சாங்டம், அதாவது புனிதமானது என்று பெயர் வைத்தார். டெனுயிஃபுளோரமும் சாங்டமும் ஒரே செடிதான் என்பது பின்னால் தெரிந்தது. முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது தாவரவியல் சட்டம். ஆக, அறிவியல் ஏட்டில் துளசி தன் "புனித" பட்டத்தை 14 வருட வித்தியாசத்தில் இழந்துவிட்டது.

கும்பிட்டு வளர்த்த செடிக்கும் மிகைப்படுத்திய கதைகள் ஒட்டிக்கொண்டன. 1903இல் ஜார்ஜ் பேர்ட்வுட் என்ற ஆங்கிலேயர் லண்டன் "டைம்ஸ்" பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பம்பாயில் விக்டோரியா தோட்டம் அமைத்தபோது கொசுத் தொல்லையும் காய்ச்சலும் இருந்ததாகவும், எல்லையைச் சுற்றித் துளசி நட்டதும் இரண்டும் ஒழிந்ததாகவும் அதில் சொன்னார். துளசி எண்ணெய்க்குக் கொசுவைச் சிறிது நேரம் விரட்டும் குணம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் சும்மா நிற்கும் செடி மலேரியாவைத் தடுக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தேங்கிய தண்ணீரை அகற்றுவதும் கொசுவலையும் செய்யும் வேலையைச் செடியின் தலையில் கட்டக் கூடாது. ரோமானியன் செய்த அதே பிழை இது. அங்கே வசவுக்குப் பாராட்டு போனது, இங்கே பக்திக்குப் போனது.

விதைக்குள் வந்த நோய்

இந்த வரலாற்றில் உண்மையான ஆபத்து தேளாகவும் வரவில்லை, சாபமாகவும் வரவில்லை. அது விதைக்குள்ளேயே உட்கார்ந்து வந்தது.

1860களிலேயே அச்சில் வந்த சமையல் குறிப்பு "பெஸ்டோ". ஜெனோவா நகரத்தின் அந்தப் பச்சைச் சட்னிக்கு இந்த இலைதான் உயிர். அங்கே செடியை இளசாக, சில ஜோடி இலை வந்ததுமே வேரோடு பிடுங்கிக் கட்டு கட்டி விற்பார்கள். அதனால் மறுபடி மறுபடி விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். 2005இல் ஜெனோவாவின் இலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஊர்ப் பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தது. பீட்சாவோடும் பெஸ்டோவோடும் இந்தச் செடி உலகமெல்லாம் போனது. விதை வியாபாரமும் கூடவே பெருகியது.

அந்த வழியில்தான் அடிச்சாம்பல் நோய் என்ற பூஞ்சை போன்ற கிருமி கிளம்பியது. 1930களில் உகாண்டாவில் இது குறிக்கப்பட்டது. பிறகு பல பத்தாண்டுகள் சத்தமே இல்லை. 2001இல் சுவிட்சர்லாந்து, 2003இல் இத்தாலி, 2007இல் அமெரிக்காவின் புளோரிடா என்று வரிசையாகத் தலைகாட்டியது. இலையின் மேல்புறம் மஞ்சளாகும். அடிப்புறம் சாம்பல் தூவியது போல ஆகும். இலையே விலைபொருள் என்பதால் அதோடு பயிர் முடிந்தது. 2009இல்தான் இந்தக் கிருமிக்கு முறையான அறிவியல் பெயரே கிடைத்தது. கடையில் வாங்கிய விதைப் பாக்கெட் மூலமாகவும், காற்றின் மூலமாகவும் இது வீட்டுத் தொட்டி வரைக்கும் போனது. ஆசையாக விதைத்த எத்தனையோ பேர், தங்கள் கைராசிதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

தீர்வு வந்த வழியும் அழகானது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் பலவகை விதைகளை விதைத்து, நோய் தாக்காத செடி எது என்று தேடினார்கள். "மிரிஹானி" என்ற ஒரு வகை தாக்குப்பிடித்தது. அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கக் கரையோரத்து சான்சிபார் தீவு. சுவாகிலி மொழியில் இந்தச் செடியின் பெயரே அதுதான். நறுமணச் செடியைக் குறிக்கும் "ரைஹான்" என்ற அரபுச் சொல்லின் வழியாக வந்தது. அதோடு இத்தாலிய வகையைக் கலந்து, பல தலைமுறை தேர்ந்தெடுத்து, 2018இல் நான்கு எதிர்ப்பு வகைகளை வெளியிட்டார்கள். அந்தப் பழைய வகையின் விதையை எடுத்து வைத்து விதைத்து வந்தவர்கள் இல்லையென்றால், கலக்குவதற்கு மிரிஹானியே இருந்திருக்காது.

விதைப்பவருக்கு வரலாறு சொல்வது

இத்தனை கதைகளையும் சல்லடையில் போட்டுச் சலித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். மண் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இது தியோஃபிராஸ்டஸ் காலத்துத் தோட்டக்காரர்கள் கண்டது. விதையை ஆழமாகப் புதைக்காமல், மேலாக அரை சென்டிமீட்டருக்குள் மூடி, கையால் அழுத்த வேண்டும். அழுத்தச் சொன்னவர் கொலுமெல்லா. நல்ல வெயில் படும் இடத்தில் தொட்டி இருக்க வேண்டும். நாற்று நெருக்கமாக இருந்தால் கலைத்துவிட வேண்டும். ஈரக்காற்று தங்கும் இடத்தில்தான் நோய் குடியேறும். நான்கைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும். இலை வேண்டுமென்றால் பூக்கதிரைக் கிள்ள வேண்டும். விதை வேண்டுமென்றால் ஒரு செடியையாவது கிள்ளாமல் விட்டு, கதிர் காய்ந்து பழுப்பாகும் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பூவின் அடியிலும் நான்கு விதைகள் இருக்கும். அதுவும் நோயில்லாத செடியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

சாபம், கண்ணீர், தேள், கொசு எல்லாம் சல்லடையின் மேலேயே நின்றுவிட்டன. அவற்றைக் குப்பை என்று தூக்கிப் போடவும் மனம் வராது. மனிதர்கள் இந்தச் செடியை எவ்வளவு நெருக்கமாகக் கவனித்தார்கள் என்பதற்கு அவையே சாட்சி. ஆனால் நம்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதை மட்டும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

பிளினி காலத்துத் தோட்டக்காரனால் அதைச் சோதித்துப் பார்க்க முடியவில்லை. அவனுக்கு அது வயிற்றுப்பாடு. இன்று ஒருவரிடம் இரண்டு பழைய தொட்டிகளும் ஒரு கரண்டி சப்ஜாவும் இருந்தால் போதும். ஒன்றைத் திட்டி விதைக்கலாம், இன்னொன்றைத் திட்டாமல் விதைக்கலாம். இரண்டையும் ஒரே மாதிரி அழுத்தி, ஒரே வெயிலில் வைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு வாரத்தில் விடை தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழாமல் திட்டுவதுதான் கொஞ்சம் கஷ்டம்!